வார் ஃபைல் போட்டாச்சு, ஆனா 404 தான் வருது!

இந்த மாசம் வந்த மெயில் எல்லாத்தையும் பிரிச்சு வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஜாவா வெப் ஆப்ப வார் ஃபைலா (மொத்த ஆப்பும் ஒரே ஜிப் மூட்டையா) கட்டி, அத ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேரான டாம்கேட்ல ஏத்துறது. ஒருத்தர் ரெண்டு பேர்னா தனியா பதில் போட்டு முடிச்சிருப்பேன், இத்தனை பேர் ஒரே இடத்துல மாட்டிட்டு நிக்கிறீங்கன்னா இந்தத் தடவ முழுசா இதுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பிரிண்டர், வைஃபை கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க ஆபீஸ்ல ஒரு பில்லிங் ஆப் ஓடுது, ஸ்பிரிங் பூட்ங்கற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல, 2.7 வெர்ஷன்ல எழுதுனது. பழைய சர்வர் உபுண்டு 22.04, அதுல டாம்கேட் 9, இத்தனை நாளா ஒரு தொந்தரவும் இல்ல. போன வாரம் புது சர்வர் எடுத்து உபுண்டு 24.04 போட்டு, அதுல வர்ற டாம்கேட்டையே இன்ஸ்டால் பண்ணி அதே வார் ஃபைல போட்டேன். ஃபோல்டர் விரியுது, லாக்ல டிப்ளாய்மென்ட் முடிஞ்சுதுன்னு வருது, எரர் ஒண்ணு கூட இல்ல. ப்ரவுசர்ல தொறந்தா 404, பேஜ் கிடைக்கலன்னு. மூணு நாளா இதே வேலைதான். எங்க தப்பு பண்றேன்?
- வாசகர், திருப்பூர்

தம்பி, உங்க கோட்ல ஒரு தப்பும் இல்ல, அத முதல்ல மனசுல போட்டுக்கோங்க. நீங்க உபுண்டுவ மாத்துனப்போ கூடவே டாம்கேட்டும் மாறிடுச்சு. 22.04ல வர்றது டாம்கேட் 9, 24.04ல வர்றது டாம்கேட் 10. நம்பர்ல ஒண்ணுதான் கூடியிருக்கு, ஆனா நடுவுல பெரிய பள்ளம் இருக்கு, நிறைய பேர் அதுலதான் விழுறாங்க.

என்ன நடந்துச்சுன்னா, ஜாவா இஇ (வெப் ஆப், கம்பெனி ஆப் எழுதுறதுக்கான ஜாவா தொகுப்பு) முழுசையும் ஆரக்கிள் 2017ல எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட குடுக்குறதா சொன்னாங்க. கோட் குடுத்தாங்க, ஆனா 'ஜாவா'ங்கற பேரு அவங்க ட்ரேட்மார்க், அத விடல. பேச்சுவார்த்தை நடந்து, 2019ல அது சரிவராதுன்னு ஆயிடுச்சு, அதனால 2020 டிசம்பர்ல ஜாவா இஇயோட புதுப் பேரான ஜகார்த்தா இஇல 9வது வெர்ஷன் வந்தப்போ பேக்கேஜ் பேரையே மாத்திட்டாங்க. அதுவரைக்கும் 'ஜாவாக்ஸ் டாட் சர்வ்லெட்'னு இருந்தது எல்லாம் 'ஜகார்த்தா டாட் சர்வ்லெட்' ஆயிடுச்சு (சர்வ்லெட்ங்கறது ப்ரவுசர் கேக்குறதுக்கு பதில் குடுக்குற ஜாவா க்ளாஸ்). உள்ள வேலை அதே வேலை, பேரு மட்டும் வேற. ஆனா ஜாவாவுக்குப் பேரு வேறன்னா ஆளே வேற.

இப்ப உங்க வார் ஃபைலுக்கு வாங்க. டாம்கேட் ஒரு ஆப்ப ஸ்டார்ட் பண்றப்போ உள்ள இருக்குற ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) எல்லாத்தையும் தொறந்து பாத்து, சர்வ்லெட் இனிஷியலைசர்னு சொல்லிக்கிற க்ளாஸ் எதாவது இருக்கான்னு தேடும். ஸ்பிரிங் ஜாருக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கு, அதுதான் உங்க ஆப்ப எழுப்பி விடுற ஆளு. ஸ்பிரிங் பூட் 2.7ல அந்த ஆளு ஜாவாக்ஸ் பேருல நிக்கிறாரு, டாம்கேட் 10 தேடுறது ஜகார்த்தா பேரு. தெருவுக்குப் பேரு மாத்துனப்புறம் புதுசா வந்த போஸ்ட்மேன் பழைய பேர் எழுதுன லெட்டர வச்சுக்கிட்டு முழிக்கிற மாதிரிதான், வீடு அங்கயேதான் இருக்கு, லெட்டர் போய்ச் சேராது. டாம்கேட்டப் பொறுத்தவரைக்கும் அந்த வார்ல எழுப்ப வேண்டிய ஆளே யாரும் இல்ல, சும்மா ஃபைல் மூட்டைன்னு நெனச்சு விரிச்சு வச்சுட்டுப் போயிடுது. அதனாலதான் எரரும் இல்ல, பேஜும் இல்ல. எரர் வந்திருந்தா உங்களுக்கு அரைமணி நேர வேலை, எரர் வராததுனாலதான் மூணு நாள் போச்சு.

இத உறுதி பண்ண ஒரு வழி சொல்றேன். லாக்க தொறந்து ஸ்பிரிங் பேனர் வருதான்னு பாருங்க, அந்தக் கோடு கோடா எழுத்து வரைஞ்சு 'ஸ்பிரிங் பூட்'னு போட்டு கீழ வெர்ஷன் காட்டுமே அது. பேனர் வந்து 404ன்னா உங்க யூஆர்எல்லோ கன்ட்ரோலரோ தப்பு. பேனரே வரலன்னா ஸ்பிரிங் எந்திரிக்கவே இல்ல, அப்ப கன்ட்ரோலர தோண்டிட்டு இருக்காதீங்க.

இப்ப சரி பண்ற வழி. அவசரம்னா டாம்கேட் 9 டார் ஃபைல அப்பாச்சி சைட்லருந்து எடுத்து தனி ஃபோல்டர்ல விரிச்சு ஓட்டுங்க, உங்க வார் அப்படியே ஏறும். இன்னொரு வழி டாம்கேட் 10லயே இருக்கு, 'வெப்ஆப்ஸ்' ஃபோல்டருக்குப் பக்கத்துல 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ'ன்னு ஒரு ஃபோல்டர் பண்ணி அதுக்குள்ள பழைய வார போட்டா டாம்கேட்டே பேர் எல்லாம் மாத்தி வெப்ஆப்ஸ்ல கொண்டு வந்து வச்சுரும். சின்ன ஆப்புக்கு இது நல்லாவே வேலை செய்யுது, ஆனா பில்லிங் மாதிரி பணம் புழங்குற ஆப்ப இப்படி நிரந்தரமா ஓட்டாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா நீங்க டெஸ்ட் பண்ண கோடும் ஓடுற கோடும் ஒண்ணு இல்லாம போயிடுது.

உருப்படியான வழின்னா ஸ்பிரிங் பூட் 3க்கு போறதுதான். 2.7க்கு இலவச சப்போர்ட் 2023 நவம்பரோட முடிஞ்சுபோச்சு, செக்யூரிட்டி ஓட்டை வந்தா அடைக்க ஆள் இல்ல. பூட் 3க்கு ஜாவா 17 கட்டாயம், டாம்கேட் 10.1 வேணும். அங்க ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, எல்லா ஃபைல்லயும் ஜாவாக்ஸ எடுத்து ஜகார்த்தா போடுன்னு ஒரே அடியா மாத்திடாதீங்க. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன் இதெல்லாம் மாறும், ஆனா 'ஜாவாக்ஸ் டாட் எஸ்கியூஎல்', 'ஜாவாக்ஸ் டாட் கிரிப்டோ' ரெண்டும் ஜாவாவோடவே வர்றது, அது மாறவே இல்ல. அதையும் சேத்து மாத்திட்டு டேட்டாசோர்ஸ் க்ளாஸ காணோம்னு அழுதவங்கள எனக்குத் தெரியும்.

இதே 404 வேற காரணத்துக்கும் வரும், அதையும் சொல்லிடுறேன். மெயின் க்ளாஸ் 'ஸ்பிரிங்பூட்சர்வ்லெட்இனிஷியலைசர்'ங்கற க்ளாஸ எக்ஸ்டென்ட் பண்ணி 'கான்ஃபிகர்' மெத்தட ஓவர்ரைடு (override) பண்ணிருக்கணும், இல்லன்னா வார் ஆ போட்டப்போ எந்திரிக்காது, லேப்டாப்ல ரன் பட்டன் அழுத்துனா மட்டும் ஓடும். பேக்கேஜிங் வார்னு மாத்தணும், கூட வர்ற டாம்கேட் ஸ்டார்ட்டர 'ப்ரொவைடட்'னு போடணும். அப்புறம் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல நீங்க குடுத்த போர்ட் நம்பரும் கான்டெக்ஸ்ட் பாத்தும் வெளி டாம்கேட்ல செல்லாது. வார் ஃபைல் பேருதான் பாத். 'பில்லிங் டாட் வார்'னு போட்டா யூஆர்எல்ல பில்லிங்னு அடிச்சாதான் வரும், நேரா வரணும்னா ஃபைலுக்கு 'ரூட்'னு எல்லாம் கேப்பிட்டல் எழுத்துல பேர் வைங்க.

கேள்வி: சார், நான் காலேஜ் ஃபைனல் இயர். ப்ராஜெக்ட்ட டாம்கேட்ல போட்டா 'ஒண்ணு அல்லது அதுக்கு மேற்பட்ட லிசனர்கள் ஸ்டார்ட் ஆகல, முழு விவரத்த கன்டெய்னர் லாக்ல பாருங்க'ன்னு வருது. நான் பாக்குறதே அந்த லாக்தான், அதுல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கோட் எழுதுற இன்டெலிஜே சாஃப்ட்வேர்ல நல்லா ஓடுது. வைவாவுக்கு பத்து நாள்தான் இருக்கு.
- மாணவி, திருச்சி

நீங்க பாத்துட்டு இருக்குறது 'கேட்டலினா டாட் அவுட்', சரியா? அது சொல்ற கன்டெய்னர் லாக் வேற ஃபைல் மா. அதே லாக்ஸ் ஃபோல்டர்ல 'லோக்கல்ஹோஸ்ட்'னு ஆரம்பிச்சு இன்னைக்குத் தேதி போட்டு ஒரு ஃபைல் இருக்கும், அதத் தொறங்க. உங்க ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எங்கருந்து வந்துச்சுன்னு காட்டுற வரிசை) முழுசும் அங்க உக்காந்திருக்கும். டாம்கேட்ல நான் யாருக்காவது ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுக்கலாம்னா இதத்தான் சொல்லுவேன், ஏன்னா எத்தனையோ பேர் அந்த ஃபைல் இருக்குறதே தெரியாம ப்ராஜெக்ட்ட அழிச்சு மறுபடி முதல்லருந்து எழுதுறாங்க, மனசு கஷ்டமா இருக்கு.

தொறந்தப்புறம் மேலருந்து படிக்காதீங்க. நூறு நூத்தம்பது வரி இருக்கும், மேல உள்ளது எல்லாம் 'பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வச்சுக்குற ஆப்ஜெக்ட்) உருவாக்க முடியல', 'அதனால இன்னொரு பீன் உருவாக்க முடியல'ன்னு சங்கிலி. கடைசியா வர்ற 'காஸ்ட் பை' (Caused by)ங்கற வரிய தேடுங்க, அதுதான் அடி வேர்.

அந்த வரில என்ன இருக்கும்னு நான் ஒரு யூகம் சொல்றேன், இன்டெலிஜேல ஓடுது சர்வர்ல ஓடலன்னு வர்ற மெயில்ல பாதி இதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட கோட்ல எழுதக்கூடாதுன்னு யாரோ நல்லது சொல்லிருப்பாங்க, நீங்களும் இன்டெலிஜேல ரன் கான்ஃபிகரேஷன்ல என்விரான்மென்ட் வேரியபிளா குடுத்திருப்பீங்க. அது இன்டெலிஜேக்கு மட்டும்தான் தெரியும். டாம்கேட் தனி ப்ராசஸ், அதுக்கு யாரும் சொல்லல. டாம்கேட்டோட பின் ஃபோல்டர்ல 'செட்என்வ் டாட் எஸ்ஹெச்'னு ஒரு ஃபைல் நீங்களே உருவாக்கணும், தானா இருக்காது, அதுல எக்ஸ்போர்ட் பண்ணி எழுதிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ்னா அதே பேருல டாட் பேட்.

'காஸ்ட் பை'ல க்ளாஸ் வெர்ஷன் 61னு ஒரு நம்பர் வந்து, இந்த ஜாவா 55 வரைக்கும்தான் படிக்கும்னு சொன்னா அது வேற கதை. 52ன்னா ஜாவா 8, 55ன்னா 11, 61ன்னா 17, 65ன்னா 21. நீங்க 17ல கம்பைல் பண்ணிருக்கீங்க, டாம்கேட் 11ல ஓடிட்டு இருக்கு. ஜாவா ஹோம்ங்கற வேரியபிள டாம்கேட்டுக்கு சரியா காட்டுனா போதும். வைவா நல்லா பண்ணுங்க.

கேள்வி: அண்ணா, எங்க ஆப்ல தமிழ்லதான் கஸ்டமர் பேரு, ஊரு எல்லாம் என்ட்ரி போடுறாங்க. ஸ்பிரிங் எம்விசி, ஜாவா 11, டாம்கேட் 9. ஸ்கிரீன்ல தமிழ் சரியா தெரியுது, டேட்டாபேஸ்லயும் சரியா இருக்கு. ஆனா ரிப்போர்ட்ட சிஎஸ்வியா டவுன்லோட் பண்ணா எல்லாம் கேள்விக்குறியா வருது. என் மேக்புக்ல இதே கோட் ஒழுங்கா வருது. சர்வர்ல தமிழ் ஃபான்ட் போடணுமா?
- வாசகர், மதுரை

ஃபான்ட் வேண்டாம், ஃபான்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம்ங்கறதுனால இத கொஞ்சம் நின்னு நிதானமா பாக்கலாம், இத சரியா புரிஞ்சுக்கிட்டா அப்புறம் எந்த ஆப்லயும் தமிழ் உடையாது.

முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. 'தமிழ்'னு மட்டும் ஒரு கஸ்டமர் பேரு போட்டு சேவ் பண்ணி ரிப்போர்ட் எடுங்க. எத்தனை கேள்விக்குறி வருதுன்னு எண்ணுங்க. கண்ணுக்கு மூணு எழுத்து, ஆனா கம்ப்யூட்டருக்கு அது அஞ்சு: த, ம, அந்த இகரக் கொக்கி, ழ, மேல ஒரு புள்ளி. அஞ்சு கேள்விக்குறி வந்தா ஜாவாவுக்குள்ள தமிழ் நல்லாதான் இருக்கு, வெளிய எழுதுறப்போதான் உடையுதுன்னு அர்த்தம். யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டு முறைல நம்ம எழுத்து ஒவ்வொண்ணும் 3 பைட், அப்ப 'தமிழ்' மொத்தம் 15 பைட். பதினஞ்சு கேள்விக்குறி வந்தா உள்ள வர்றப்பவே பைட் பைட்டா உடைஞ்சுபோச்சு, ரிப்போர்ட் மேல பழி போடாதீங்க. இந்த எண்ணிப் பாக்குற வேலைய நான் எப்பவும் பண்ணுவேன், எங்க தேடணும்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

ஸ்கிரீன்லயும் டேட்டாபேஸ்லயும் சரியா இருக்குன்னு சொல்றீங்க, அப்ப உங்களுக்கு அஞ்சுதான் வரும்னு நெனக்கிறேன். ரிப்போர்ட் எழுதுற கோட்ல 'ஃபைல்ரைட்டர்'னு போட்டு ஃபைல் பேர் மட்டும் குடுத்திருப்பீங்க, இல்லன்னா 'கெட்பைட்ஸ்'னு ப்ராக்கெட்ல ஒண்ணும் இல்லாம விட்டிருப்பீங்க. அப்படி விட்டா ஜாவா அந்த மிஷினோட டிஃபால்ட் என்கோடிங்க (எழுத்துக் குறியீட்டு முறைய) எடுத்துக்கும். உங்க மேக்ல அது யூடிஎஃப்-8. சர்வர்ல டாம்கேட் சர்வீஸா ஓடுறப்போ லோகேல் எதுவும் செட் ஆகாம இருந்தா வெறும் ஆஸ்கி. ஆஸ்கில இங்கிலீஷ தவிர ஒண்ணும் கிடையாது, நம்ம 'அ'வுக்கு அங்க இடமே இல்ல, தெரியாத எழுத்து எல்லாத்துக்கும் பதிலா ஒரு கேள்விக்குறி போட்டுட்டுப் போயிடும். இப்படி ஒரு தடவ கேள்விக்குறியா எழுதுனது திரும்ப வராது, அதுல ஒரிஜினல் எழுத்து எங்கயும் ஒளிஞ்சு இல்ல. நல்லவேளை உங்களுக்கு டேட்டாபேஸ் பத்திரமா இருக்கு.

கோட்ல எழுதுற இடத்துல எல்லாம் யூடிஎஃப்-8னு வெளிப்படையா குடுங்க, ஜாவா 11லருந்தே ஃபைல்ரைட்டருக்கு அத குடுக்கலாம். அது முடியாத பழைய லைப்ரரின்னா டாம்கேட் ஸ்டார்ட் ஆகுறப்போ ஃபைல் என்கோடிங் யூடிஎஃப்-8னு ஜேவிஎம்முக்கு (ஜாவாவ ஓட்டுற இன்ஜின்) ஆப்ஷன் குடுங்க. 2022ல வந்த ஜாவா 18லருந்து டிஃபால்ட்டே யூடிஎஃப்-8 ஆக்கிட்டாங்க, எந்த மிஷினா இருந்தாலும் சரி. இந்த மாற்றம் வந்தப்போ எனக்கு உண்மையாவே சந்தோஷமா இருந்துச்சு, இங்கிலீஷ் மட்டும் எழுதுறவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, நமக்கு எத்தனை ராத்திரி மிச்சம்!

இதெல்லாம் பண்ணப்புறம் சிஎஸ்விய எக்ஸெல்ல டபுள் க்ளிக் பண்ணா மறுபடி கோணல்மாணலா ஏதோ எழுத்து வரும், பயந்துடாதீங்க. அது எக்ஸெல்லோட பழக்கம், ஃபைல் ஆரம்பத்துல பாம்னு (BOM) சொல்ற 3 பைட் அடையாளம் இல்லன்னா அது யூடிஎஃப்-8னு எடுத்துக்காது. ஃபைல்ல முதல் எழுத்தா அந்த பாம எழுதிட்டு அப்புறம் டேட்டா எழுதுங்க.

யாருக்காவது ஃபார்ம்ல டைப் பண்ணி சேவ் பண்றப்பவே உடைஞ்சா, அது டாம்கேட் 9லயும் அதுக்கு முந்தினதுலயும் போஸ்ட் டேட்டாவ (ஃபார்ம்லருந்து வர்றத) ஐஎஸ்ஓ-8859-1ங்கற ஐரோப்பிய எழுத்து முறைன்னு எடுத்துக்குறதால வர்றது. ஸ்பிரிங்ல 'கேரக்டர்என்கோடிங்ஃபில்டர்' இருக்கு, அத 'வெப் டாட் எக்ஸ்எம்எல்'ல எல்லா ஃபில்டருக்கும் முன்னாடி, முதல் ஆளா போடணும். வேற ஒரு ஃபில்டர் முன்னாடியே பாராமீட்டர ஒரு தடவ படிச்சுட்டா அதுக்கப்புறம் என்கோடிங் மாத்தி பிரயோஜனம் இல்ல. ஸ்பிரிங் பூட்ல இது தானாவே இருக்கு.

கேள்வி: சார், ஒவ்வொரு தடவ புது வெர்ஷன் போடுறப்பவும் ஆப் எந்திரிக்க மாட்டேங்குது, ஜிப் ஃபைல தொறக்க முடியலன்னு எரர். டாம்கேட்ட நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. வார் ஃபைல் 120 எம்பி, வீட்டு நெட்லருந்து அனுப்புறேன்.
- வாசகர், நாகர்கோவில்

நேரா வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குள்ளயே காப்பி பண்றீங்க, அதான். டாம்கேட் சும்மா இருக்காது, டிஃபால்ட்டா 10 செகண்டுக்கு ஒரு தடவ அந்த ஃபோல்டர எட்டிப் பாத்துட்டே இருக்கும், புது வார் கண்ணுல பட்டா உடனே விரிக்க ஆரம்பிச்சுரும். உங்க ஃபைல் பாதிதான் வந்திருக்கு. ஜிப் ஃபைலுக்கு உள்ள என்னென்ன இருக்குங்கற பட்டியல் ஃபைலோட கடைசில இருக்கும், கடைசி இன்னும் வரவே இல்ல, எப்படித் தொறக்கும்?

இது எனக்கே நடந்திருக்கு. நான் வேலை பாத்த ஒரு இடத்துல மாசக் கடைசி நாள், சாயங்காலம், எல்லாரும் கணக்கு முடிக்கிற நேரம், ஒரு சின்ன திருத்தம்தானேன்னு நேரா வெப்ஆப்ஸ்ல காப்பி போட்டேன், நடுவுல நெட் தொங்கிடுச்சு. பழைய ஆப்ப டாம்கேட் எடுத்துடுச்சு, புதுசு விரியல. அக்கவுன்ட்ஸ் அக்கா மூணு தடவ எந்திரிச்சு வந்து என் பின்னாடி நின்னுட்டுப் போனாங்க, ஒரு வார்த்தை சொல்லல. அந்த இருபது நிமிஷத்த நான் இன்னும் மறக்கல, அதனாலதான் இத அழுத்திச் சொல்றேன்.

ஃபைல முதல்ல சர்வர்ல வேற ஒரு ஃபோல்டருக்கு அனுப்புங்க. முழுசா வந்து சேந்துச்சான்னு சைஸ் பாத்துட்டு, அப்புறம் சர்வர்லயே எம்வி (mv) கமாண்ட் போட்டு வெப்ஆப்ஸுக்குள்ள நகத்துங்க. ஒரே டிஸ்க் பார்ட்டிஷன்ல இருந்தா எம்வி ஒரு நொடில நடந்துரும், டாம்கேட் கண்ணுக்கு முழு ஃபைல்தான் தெரியும். டெம்ப் ஃபோல்டர் சில சர்வர்ல தனி பார்ட்டிஷன், அங்கருந்து நகத்துனா அதுவும் காப்பிதான், அதப் பாத்துக்கோங்க.

யூசர் லாகின் போகாமயே புது வெர்ஷன் போடணும்னா அதுக்கும் வழி இருக்கு. டாம்கேட் 7லருந்தே ஃபைல் பேருக்குப் பின்னாடி ரெண்டு ஹாஷ் போட்டு வெர்ஷன் நம்பர் குடுக்கலாம், 'பில்லிங்##001 டாட் வார்', அடுத்தது 002. பழைய செஷன்ல இருக்குறவங்க பழைய வெர்ஷன்லயே வேலைய முடிப்பாங்க, புதுசா வர்றவங்க புதுசுக்குப் போவாங்க. நம்பருக்கு முன்னாடி ஜீரோ கட்டாயம் போடுங்க, டாம்கேட் இத எழுத்தா வச்சுதான் ஒப்பிடும், வெறும் 2ன்னும் 10ன்னும் போட்டா 2தான் புதுசுன்னு எடுத்துக்கும். ரெண்டு வெர்ஷன் ஒரே நேரத்துல மெமரில இருக்கும்ங்கறதயும், டேட்டாபேஸ் டேபிள்ல காலம் (column) பேர மாத்துனா பழைய வெர்ஷன் உடையும்ங்கறதயும் மறந்துடாதீங்க.

கேள்வி: அண்ணா, 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ல (வாடகை விர்ச்சுவல் சர்வர்) டாம்கேட்டும் மைஎஸ்கியூஎல்லும் ஓட்டுறேன். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ டாம்கேட் சொல்லாம கொள்ளாம நின்னுடுது. லாக்ல கடைசி வரி சாதாரண வரி, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. ஜாவா மெமரிக்கு உச்ச வரம்பு வைக்கிற எக்ஸ்எம்எக்ஸ் (Xmx) 800 எம்பி குடுத்திருக்கேன், பத்தலையா?
- வாசகர், கோவை

பத்தாம இல்ல, கூடிப்போச்சு. ஜாவாவுக்கே மெமரி பத்தலன்னா அது 'அவுட் ஆஃப் மெமரி எரர்'னு லாக்ல கத்திட்டுத்தான் போகும். ஒரு சத்தமும் இல்லாம போச்சுன்னா வெளிய இருந்து யாரோ நிறுத்திருக்காங்க, அது லினக்ஸ் கெர்னல். சர்வர்ல டிமெசேஜ் (dmesg) கமாண்ட் போட்டு 'கில்டு ப்ராசஸ்' (Killed process)னு தேடுங்க, பக்கத்துலயே ஜாவா பேர் இருக்கும்.

எக்ஸ்எம்எக்ஸ்ங்கறது ஆப்ஜெக்ட் எல்லாம் உக்கார்ற ஹீப்புக்கு மட்டும்தான். அதுக்கு மேல க்ளாஸ் எல்லாம் உக்கார்ற மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக், இன்னும் சில்லறை நிறைய இருக்கு. டாம்கேட் டிஃபால்ட்டா 200 த்ரெட் வரைக்கும் போகும். 800 ஹீப், அதுக்கு மேல இதெல்லாம், பக்கத்துல மைஎஸ்கியூஎல், 1 ஜிபி எங்க பத்தும்? 350, 400க்கு எறக்குங்க, த்ரெட்ட 50 ஆக்குங்க, ஸ்வாப் (ராம் பத்தலன்னா டிஸ்க்ல எடுத்துக்குற இடம்) 1 ஜிபி போட்டு வைங்க. ஒண்ணும் குடுக்காம விட்டா ஜேவிஎம் மொத்த ராம்ல நாலுல ஒரு பங்குதான் ஹீப்புக்கு எடுக்கும், உங்க சின்ன ஆப்புக்கு அதுவே சில சமயம் போதும். முடிஞ்சா 2 ஜிபிக்குப் போயிடுங்க, மாசம் கொஞ்சம் கூட ஆகும், ஆனா ராத்திரி நிம்மதியா படுக்கலாம்.

கேள்வி: டாம்கேட்டுக்கு ஏன் ஆண் பூனை பேரு வச்சாங்க? என் பொண்ணு கேட்டா, எனக்கு பதில் தெரியல.
- வாசகி, பாண்டிச்சேரி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இத எழுதுனவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். ஓபன் சோர்ஸ் ஆகுற சாஃப்ட்வேருக்கு ஒரு மிருகத்தோட பேரு இருக்கணும்னு ஆசைப்பட்டாரு, யார் தயவும் இல்லாம தன்னத் தானே பாத்துக்குற மிருகம் எதுன்னு யோசிச்சு இந்தப் பேர எடுத்தாரு. 1999ல சன் இத அப்பாச்சிகிட்ட குடுத்தாங்க. டாம்கேட்ட பில்ட் பண்றதுக்குன்னே அவர் எழுதிக்கிட்ட சின்ன டூல்தான் ஆன்ட், எறும்பு, அது அப்புறம் தனியாவே உலகம் பூரா பரவிடுச்சு. டாம்கேட்டுக்குள்ள ஹெச்டிடிபி பேசுற பகுதிக்கு கொயோட்டின்னு பேரு, அதுவும் ஓநாய் மாதிரி ஒரு மிருகம். பாப்பாவுக்கு பூனை, எறும்பு, ஓநாய்னு ஒரு கதையே சொல்லலாம்.

கேள்வி: சார், உபுண்டுல டாம்கேட் 9 போட்டு ஆப் ஓடுது. யூசர் போட்டோ அப்லோட் பண்ணா 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்'னு எரர். ஃபோல்டருக்கு 777 குடுத்துட்டேன், ஓனரும் டாம்கேட்தான், டிஸ்க்ல இடமும் இருக்கு. எனக்குப் பைத்தியமே பிடிக்குது.
- வாசகர், சேலம்

777 முதல்ல எடுத்துடுங்க, அது யார் வேணாலும் வந்து எழுதலாம்னு கதவத் தொறந்து வைக்கிறது, அதுவும் அப்லோட் ஃபோல்டருக்கு. உங்க பர்மிஷன்ல தப்பு இல்ல. உபுண்டு பேக்கேஜா வர்ற டாம்கேட்டுக்கு சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாத்தையும் ஓட்டுற சாஃப்ட்வேர்) ஒரு வேலி போட்டு வச்சிருக்கு, வெப்ஆப்ஸ், லாக் மாதிரி ரெண்டு மூணு ஃபோல்டர தவிர மத்தது எல்லாம் அந்த ப்ராசஸோட கண்ணுக்கு வெறும் படிக்க மட்டும்தான். ஆப்ல ஓட்டை இருந்து யாராவது உள்ள வந்தாலும் சர்வர் முழுக்க எழுத முடியாதுங்கறதுக்காக பண்ணது, நல்ல விஷயம்தான், வேலிய முழுசா பிடுங்கிப் போட்டுடாதீங்க.

'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9'னு போட்டா ஒரு ஃபைல் தொறக்கும். அதுல சர்வீஸ்ங்கற தலைப்பு போட்டு கீழ 'ரீட்ரைட்பாத்ஸ்'னு எழுதி சமம் போட்டு உங்க போட்டோ ஃபோல்டரோட முழு பாத்த குடுங்க. சேவ் பண்ணி டீமன்-ரீலோட், அப்புறம் டாம்கேட் ரீஸ்டார்ட். அந்த ஃபோல்டர் முன்னாடியே இருக்கணும், இல்லாத பாத் குடுத்தா டாம்கேட் ஸ்டார்ட்டே ஆகாது. ஃபோல்டர வெப்ஆப்ஸுக்கு வெளியவே வைங்க, உள்ள வச்சா அடுத்த தடவ வார் போடுறப்போ விரிஞ்ச ஃபோல்டரோட சேந்து போட்டோ எல்லாம் போயிடும்.